துபாஷி தூங்கினால்...!

வீட்டில் இன்டர்நெட் மந்தமா? புதுப் பெட்டி வாங்கப் புறப்படுமுன் இதைப் படியுங்கள்.

மின்சாரக் கட்டணம் கட்டுவதற்கு இன்றுதான் கடைசி நாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். உலையில் போட்ட அரிசி வேகுவதற்குள் அந்தக் காரியத்தை முடித்து விடலாமென்று ஃபோனைக் கையில் எடுக்கிறீர்கள். இலாகாவின் பெயரைத் தட்டுகிறீர்கள். திரையில் ஒரு சின்ன வட்டம் தோன்றுகிறது. சுற்றுகிறது. இன்னும் சுற்றுகிறது. நீங்கள் போய்ச் சாதத்தைக் கிளறிவிட்டு வருகிறீர்கள். அப்போதும் அது சுற்றிக் கொண்டுதான் இருக்கிறது. "சரி, இன்றைக்கு ஆனாற்போலத்தான்!" என்று ஃபோனைக் கீழே வைக்கப் போகும் சமயத்தில், அணை உடைந்தாற்போல் பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் வந்து விழுகிறது!

இந்த அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? உடனே வீட்டில் ஒரு மகாநாடு கூடிவிடும்.

"நாம் கட்டுகிற பணத்துக்கு இவ்வளவு வேகம்தான் கிடைக்கும். அடுத்த திட்டத்துக்கு மாறிவிட வேண்டியதுதான்" என்பார் வீட்டுக்காரர்.

"பெட்டி பழசு, அம்மா! புது ரூட்டர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பான் பையன். அவனுக்கு எப்போதுமே புதுச் சாமானில் ஒரு கண்.

"உப்புக் காற்று, அம்மா, உப்புக் காற்று! கடலோரத்தில் எந்த இரும்புதான் உருப்பட்டது?" என்பார் மாமியார்.

மூன்று பேர் சொல்லுவதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால், இந்த மூன்று பேரின் கண்ணிலும் படாத நாலாவது ஆசாமி ஒருவர் இருக்கிறார். அவர் சரியாக வேலை செய்யாவிட்டால், நீங்கள் எத்தனை பணம் கட்டினாலும், எந்தப் பெட்டி வாங்கினாலும் அந்த வட்டம் சுற்றத்தான் சுற்றும். அவரை வழிக்குக் கொண்டு வர, பெரும்பாலும் ஒரு காசுகூடச் செலவில்லை. ஐந்து நிமிஷம் போதும்.

யார் அந்த ஆசாமி?

புதுச்சேரிக்குத் தெரிந்த உத்தியோகம்

அவரை மற்ற ஊர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்துவதுதான் கஷ்டம். புதுச்சேரிக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அவர் ஒரு துபாஷி!

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளெக்ஸ் காலத்தில், 1747-ம் ஆண்டிலிருந்து, இந்த ஊரின் தலைமைத் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. ஒரு பக்கம் கவர்னரும் கம்பெனியாரும். மறு பக்கம் வியாபாரிகள், நெசவாளிகள், நவாபுகளின் தூதர்கள். இந்த இரு பக்கத்துக்கும் நடுவே நின்று, ஒருவர் சொல்வதை மற்றவருக்குப் புரிய வைத்தவர் துபாஷிதான். அவர் ஒரு நாள் ஜுரம் என்று படுத்துவிட்டால் கவர்னரும் காத்திருக்க வேண்டும். வியாபாரியும் காத்திருக்க வேண்டும். கப்பலும் சரக்கும் தயாராக இருந்தும் காரியம் நடக்காது.

இன்டர்நெட்டிலும் இப்படியே இரண்டு பாஷைகள் இருக்கின்றன. நமக்குப் பெயர்கள்தாம் தெரியும். பாங்கின் பெயர், ரெயில்வேயின் பெயர், சினிமா டிக்கெட் விற்கிறவரின் பெயர். கம்ப்யூட்டர்களுக்கோ பெயர் என்றால் என்னவென்றே தெரியாது, எண்கள்தாம் தெரியும். 8.8.8.8 என்பது போல, புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். அதுதான் அங்கே கதவிலக்கம்.

நீங்கள் பெயரைச் சொன்னதும், "இந்தப் பெயருக்கு எந்த இலக்கம்?" என்று உங்கள் ஃபோன் ஓர் இடத்தில் விசாரிக்கிறது. அந்த இடத்துக்கு 'நேம் சர்வர்' என்று பெயர். பெயர்களை இலக்கங்களாக்கும் ஏற்பாடு முழுவதற்கும் 'டி.என்.எஸ்.' என்று மூன்றெழுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் நம் சௌகரியத்துக்குத் துபாஷி என்றே வைத்துக் கொள்வோம்.

துபாஷி இலக்கத்தைச் சொல்லும் வரையில் உங்கள் ஃபோன் ஓர் அடிகூட எடுத்து வைக்காது. வட்டம் சுற்றுகிறதே, அதில் முதல் பகுதி இந்தக் காத்திருப்புதான்.

துபாஷி எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

உலகத்திலுள்ள கோடிக்கணக்கான பெயர்களும் துபாஷிக்கு மனப்பாடமா? இல்லை. ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

புதுச்சேரிக்குப் புதிதாக வந்த ஒருவர் ஒரு வீட்டைத் தேடுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலில் பஸ் நிலையத்தில் கேட்கிறார். "அந்த வீதி பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிறது" என்கிறார்கள். அங்கே போய்க் கேட்டால் வீதியைக் காட்டுகிறார்கள். வீதிக்குள் போய்க் கேட்டால் வீட்டைக் காட்டுகிறார்கள். துபாஷி செய்வதும் இதேதான். முதலில் 'வேர்' சர்வர்களிடம் போகிறார். ஆங்கில எழுத்துக்களில் 'ஏ' முதல் 'எம்' வரை 13 பெயர்களில் இவை இருக்கின்றன. ஆனால் உலகமெங்கும் ஆயிரத்துக்கும் அதிகமான இடங்களில் இவற்றின் பிரதிகள் வேலை செய்கின்றன. பெயரின் கடைசியில் 'இன்' என்று இருந்தால், "இந்தியாவின் ஜாபிதா வைத்திருப்பவரைப் போய்க் கேள்" என்று அவர்கள் கைகாட்டுகிறார்கள். அவர், "அந்தக் குறிப்பிட்ட பாங்கின் சர்வரைக் கேள்" என்கிறார். பாங்கின் சர்வர் இலக்கத்தைச் சொல்கிறது. நல்ல துபாஷியானால் இத்தனையும் ஒரு விநாடியில் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடும்!

அது மட்டுமல்ல. ஒரு தடவை தெரிந்துகொண்ட விலாசத்தைத் துபாஷி சிறிது காலத்துக்கு நினைவில் வைத்துக் கொள்கிறார். அடுத்த வீட்டு அம்மாள் அதே பாங்கைக் கேட்டால், திரும்பவும் அலைய வேண்டியதில்லை. "இந்த விலாசம் இத்தனை நேரத்துக்குச் செல்லும், பிறகு மறுபடி கேட்டுக் கொள்" என்று ஒவ்வொரு பதிலுடனும் ஒரு கெடுவும் சேர்ந்து வருகிறது.

இந்தக் கெடு எதற்கு என்று கேட்கிறீர்களா? இந்த ஊரில் இதைக் கேட்கவே வேண்டாம்! துய்ப்ளெக்ஸ் வீதி நேரு வீதியாயிற்று. புஸ்ஸி வீதி லால் பகதூர் சாஸ்திரி வீதியாயிற்று. 2006-ல் பாண்டிச்சேரி என்ற ஊர்ப் பெயரே சட்டப்படி புதுச்சேரி ஆயிற்று. ஆனால் இன்றும் "புஸ்ஸி வீதி" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? மனிதர்கள் பழைய பெயரைச் சொன்னாலும் ரிக்ஷாக்காரர் புரிந்து கொள்வார். கம்ப்யூட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு கம்பெனி தன் இடத்தை மாற்றிக்கொண்ட பிறகும் பழைய இலக்கத்தையே பிடித்துக்கொண்டு போனால், காலி வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். ஆகவேதான் கெடு.

ஒரு பெண்மணி வைத்திருந்த ஜாபிதா

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் உலகத்தின் விலாசப் புத்தகம் ஒரு பெண்மணியின் பொறுப்பில் இருந்தது என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் எலிசபெத் ஃபைன்லர். அமெரிக்காவில் 1931-ல் பிறந்தவர், ரசாயனம் படித்தவர். 1972-ல், கலிபோர்னியாவிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில், அப்போது குழந்தைப் பருவத்திலிருந்த கம்ப்யூட்டர் வலையின் தகவல் நிலையத்தை நடத்தும் வேலைக்கு வந்தார். எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர், என்ன இலக்கம் என்ற ஒரே ஜாபிதாவை அவருடைய அலுவலகம்தான் பராமரித்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டரைச் சேர்க்க வேண்டுமானால் அங்கே தெரிவிக்க வேண்டும். ஜாபிதாவில் எழுதுவார்கள். மற்ற எல்லாரும் அதைப் பிரதி எடுத்து வைத்துக் கொள்வார்கள்.

சில நூறு கம்ப்யூட்டர்கள் வரையில் இது சரிப்பட்டது. பிறகு ஜாபிதா வீங்கத் தொடங்கியது. பிரதி எடுத்து முடிப்பதற்குள் புதுப் பெயர்கள் வந்துவிடும். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற நிபுணர், "ஒரே புத்தகம் எதற்கு? ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கட்டும், கேட்கிறவர்களுக்கு அவரவர் பதில் சொல்லட்டும்" என்கிற மாதிரி ஒரு திட்டத்தை வகுத்துக் கொடுத்தார். நாம் இன்று உபயோகிக்கும் டி.என்.எஸ். அதுதான். 'காம்', 'எடு', 'கவ்' என்று பெயர்களுக்கு வால் வைத்து வகை பிரித்ததில் ஃபைன்லர் அம்மையாரின் குழுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அவர் 1989 வரை அந்த நிலையத்தை நடத்தினார்.

நம் நாட்டுக்கு உரிய 'இன்' என்ற வால் 1989-ல் ஏற்பட்டது. இப்போது தமிழிலேயே வால்கள் வந்துவிட்டன. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்தில் முடியும் பெயர்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றன!

குற்றவாளி யார்? மூன்று பரீட்சைகள்

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். மந்தத்துக்குக் காரணம் துபாஷிதானா, அல்லது வேறு யாராவதா? வீண்பழி போடக்கூடாது. மூன்று சந்தேகக் கேசுகள்: சுவர், லைன், துபாஷி.

முதலில் சுவர். புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுவர்கள் அகலமானவை. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பியவை. வெயிலை அவை உள்ளே விடாதது நமக்கு சந்தோஷம். ஆனால் வை-ஃபை அலைகளையும் அவை லேசில் விடுவதில்லை! கூடத்தில் பெட்டியின் பக்கத்தில் நின்றால் நன்றாக இருக்கிறது, பின்கட்டுக்குப் போனால் எல்லாமே மந்தமாகிறது என்றால் குற்றவாளி சுவர். பெட்டியை வீட்டின் நடுவே, கொஞ்சம் உயரமான இடத்தில் வைத்துப் பாருங்கள். மரப் பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒருபோதும் வைக்காதீர்கள்.

இரண்டாவது, லைன். பெட்டியின் பக்கத்திலேயே நின்றாலும் சினிமா அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது, முகம் பார்த்துப் பேசும்போது குரல் அறுந்து அறுந்து வருகிறது என்றால் லைனில் கோளாறு. அல்லது தெரு முழுவதும் ஒரே சமயத்தில் உபயோகிக்கிற நெருக்கடி. இதற்குக் கம்பெனிக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். செம்புக் கம்பி வழியாக லைன் வருகிற வீடுகளில், இணைப்புகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாமியாரின் உப்புக் காற்று அங்கேதான் வேலை காட்டும்!

மூன்றாவது, துபாஷி. இவருடைய அடையாளங்கள் தனி. கவனமாகக் கேளுங்கள்:

ஒன்று: முதலில் நீண்ட மௌனம், பிறகு பக்கம் ஒரேயடியாக வந்து விழும். சொட்டுச் சொட்டாக வராது.

இரண்டு: ஓட ஆரம்பித்த சினிமா தடங்கலின்றி ஓடும். பாரிஸில் இருக்கும் மகனோடு பேச இணைப்புக் கிடைப்பதற்குத்தான் தாமதம். கிடைத்துவிட்டால் பேச்சு தெளிவாக இருக்கும்.

மூன்று: சற்று முன் பார்த்த இடத்துக்கே மறுபடி போனால் சீக்கிரம் திறக்கும். புது இடம் ஒவ்வொன்றுக்கும் தாமதம்.

நான்கு: வேகத்தை அளக்கும் பரீட்சை வைத்தால், நீங்கள் பணம் கட்டிய வேகம் முழுசாக வருவதாகக் காட்டும்!

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் இன்னொரு நிச்சயமான பரீட்சையும் செய்யலாம். 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பிங்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று தட்டுங்கள். பதில் சட்சட்டென்று வர வேண்டும். அடுத்தபடியாக, எண்ணுக்குப் பதில், அன்று நீங்கள் போகாத ஏதாவது ஓர் இடத்தின் பெயரைத் தட்டுங்கள். எண்ணுக்கு உடனே பதில். பெயருக்கு மட்டும் முதல் வரி வருவதற்கு முன்பாக ஐந்து, பத்து விநாடி மௌனம் என்றால், சந்தேகமே வேண்டாம். துபாஷி தூங்குகிறார்.

அவர் ஏன் தூங்குகிறார்?

துபாஷியிடம் போகும் கேள்வி ஒரு சின்னச் சீட்டு மாதிரி. அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று ரசீது கிடையாது. பதில் வந்தால் வந்தது. வராவிட்டால் காத்திருந்து, மறுபடி கேட்க வேண்டும்.

வழக்கமாக இரண்டு துபாஷிகளின் எண்களை எழுதி வைப்பார்கள். முதல்வர் பதில் சொல்லாவிட்டால் இரண்டாமவரைக் கேட்பதற்காக. லினக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில், வேறு ஏற்பாடு செய்யாத வரையில், முதல்வருக்கு 5 விநாடி அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் இரண்டாமவரிடம் போகும். முதல்வர் செத்தே போய்விட்டார் என்றாலும் அந்த 5 விநாடி மரியாதை அவருக்கு உண்டு! ஒரு பக்கத்தைத் திறக்க ஒரு பெயர் மட்டும் போதாது. படங்கள் ஓரிடத்தில், விளம்பரங்கள் வேறோர் இடத்தில், பணம் கட்டும் பகுதி இன்னோர் இடத்தில் என்று பத்து, இருபது பெயர்கள்கூட இருக்கும். முதல் பகுதி வந்த பிறகுதான் அடுத்த பெயரே தெரியவரும். இப்படி மூன்று படி ஏறினால் 15 விநாடி வீணாயிற்று. லைன் எவ்வளவு வேகமானதாக இருந்து என்ன பயன்?

முதல்வர் ஏன் செத்துப் போகிறார் என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்: முன்பு ஒரு கம்பெனியின் இணைப்பு வைத்திருந்தீர்கள். லைன் போட வந்தவர் அந்தக் கம்பெனியின் துபாஷி எண்ணை உங்கள் கம்ப்யூட்டரிலோ பெட்டியிலோ கையால் எழுதி வைத்தார். பிறகு நீங்கள் கம்பெனியை மாற்றிக் கொண்டீர்கள். எண் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. பல கம்பெனிகளின் துபாஷிகள் சொந்த வாடிக்கைக்காரருக்குத்தான் பதில் சொல்வார்கள். அந்நியரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

தூரமும் ஒரு காரணம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. புதுச்சேரியிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு போதும். துபாஷி அமெரிக்காவில் உட்கார்ந்திருந்தால், அதைப்போல நூறு மடங்காவது ஆகிவிடும். இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. பெரிய சினிமாக் கம்பெனிகள் ஒரே படத்தைப் பல ஊர்களில் வைத்திருக்கின்றன. துபாஷி இருக்கும் இடத்தைப் பார்த்து, கிட்டத்திலுள்ள கிடங்கின் விலாசத்தைக் கொடுப்பது வழக்கம். துபாஷி தூர தேசத்தில் இருந்தால், சென்னையில் கிடைக்கும் சரக்கை ஐரோப்பாவிலிருந்து வரவழைக்கும்படி ஆகலாம்!

பரிகாரம்

அவசரப்பட வேண்டாம். படிப்படியாகச் செய்வோம்.

முதலாவது, பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, ஒரு நிமிஷம் கழித்து மறுபடி போடுங்கள். பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டித் துபாஷி இருக்கிறார். நாள் கணக்கில் ஓய்வில்லாமல் இருந்து அவர் மூளை குழம்பியிருக்கலாம். பாதிக் கேசுகள் இதிலேயே தீர்ந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

இரண்டாவது, வீட்டிலுள்ள எல்லா ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் மந்தமா, ஒன்றில் மட்டுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அதில்தான் திருத்த வேண்டும். எல்லாவற்றிலும் என்றால் பெட்டியில் திருத்த வேண்டும்.

மூன்றாவது, இப்போது இருக்கும் எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள். இதை மறக்கவே கூடாது. புது மருந்து ஒத்துக் கொள்ளாவிட்டால் பழைய மருந்துக்குத் திரும்ப வேண்டாமா?

நாலாவது, நல்ல துபாஷியை நியமியுங்கள். எல்லாருக்கும் இலவசமாகப் பதில் சொல்லும் பொதுத் துபாஷிகள் இருக்கிறார்கள். கூகிள் கம்பெனி 2009-ல் ஏற்படுத்தியவருடைய எண்கள் 8.8.8.8, 8.8.4.4. க்ளவுட்ஃப்ளேர் கம்பெனி 2018-ல் ஏற்படுத்தியவருடைய எண்கள் 1.1.1.1, 1.0.0.1. குழந்தைகள் உபயோகிக்கும் வீடானால், ஆபாசமான இடங்களுக்கும் மோசடி இடங்களுக்கும் வழி சொல்ல மறுக்கும் துபாஷி ஒருவரும் இருக்கிறார்: 1.1.1.3. இவரை 2020-ல் ஏற்படுத்தினார்கள். உங்கள் கம்பெனி தானாகக் கொடுக்கும் துபாஷியும் பல சமயம் நல்லவரே, கிட்டத்தில் இருப்பவரும்கூட. பழைய எண்களை அழித்துவிட்டு, 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டாலே போதுமென்றால் அதுவே உத்தமம்.

எங்கே எழுதுவது? ஆண்ட்ராய்டு ஃபோனில் 'செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, 'நெட்ஒர்க்' பகுதியில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்பதைத் தேடுங்கள். அங்கே எண்ணை வாங்கிக் கொள்ளாது. பெயர் கொடுக்க வேண்டும். 'டி.என்.எஸ்.' என்ற மூன்று எழுத்து, ஒரு புள்ளி, பிறகு 'கூகிள்'. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். ஐ-ஃபோனில் 'வை-ஃபை' பகுதியில், உங்கள் வீட்டு வை-ஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறு வட்டத்தைத் தொட்டால் 'கான்ஃபிகர் டி.என்.எஸ்.' என்று இருக்கும். அதை 'மேனுவல்' ஆக்கி எண்களை எழுதலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் நெட்ஒர்க் பகுதியில் 'டி.என்.எஸ். சர்வர் அஸைன்மென்ட்' என்று ஓரிடம் உண்டு. பெட்டியில் திருத்துவதானால், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 192.168.1.1 என்பது போல ஓர் எண் இருக்கும். வீட்டு வை-ஃபையில் இருந்துகொண்டு அந்த எண்ணைத் தட்டினால் பெட்டி தன் கதவைத் திறக்கும்.

ஐந்தாவது, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். மௌனம் குறைந்திருந்தால் வைத்தியம் பலித்தது. குறையாவிட்டால், எழுதி வைத்த காகிதம் கையில் இருக்கிறதே!

ஓர் எச்சரிக்கை. துபாஷி வழிதான் சொல்வார். வண்டி ஓட்ட மாட்டார். பெரிய சினிமாவை இறக்கிக்கொள்ள அரை மணி ஆகிறதென்றால், துபாஷியை மாற்றி அதைக் கால் மணியாக்க முடியாது. இன்னொன்று: ஆபீஸில் கொடுத்த கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். ஆபீஸுக்குள் இருக்கும் பெயர்கள் ஆபீஸ் துபாஷிக்கு மட்டுமே தெரிந்தவை. அவரை நீக்கினால் மறுநாள் காலையில் வீட்டுக்காரரின் முகத்தில் விழிக்க முடியாது!

போலித் துபாஷி ஜாக்கிரதை

துபாஷி தூங்குவது கஷ்டம். துபாஷி திருடனாக இருப்பதோ ஆபத்து. நீங்கள் பாங்கின் பெயரைச் சொல்ல, அவன் கள்ளப் பாங்கின் இலக்கத்தைச் சொன்னால் என்ன ஆகும்?

இது கற்பனையல்ல. 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற பெயரில் ஒரு விஷக் கிருமி, பல வருஷங்களாக உலகத்தில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் புகுந்து, துபாஷியின் எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றி வைத்தது. கேட்ட இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் இன்னொன்று! 2011 நவம்பரில் அமெரிக்கப் போலீஸ் இலாகாவான எஃப்.பி.ஐ. இந்தக் கும்பலைப் பிடித்தது. ஆனால் அந்தத் திருட்டுத் துபாஷிகளை உடனே நிறுத்தினால், அவர்களை நம்பியிருந்த லட்சக்கணக்கான வீடுகளில் இன்டர்நெட்டே நின்றுவிடும். ஆகவே கோர்ட்டின் அனுமதியோடு, அவர்களுடைய இடத்தில் யோக்கியமான துபாஷிகளைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். 2012 ஜூலை 9-ம் தேதி அந்தத் தற்காலிக ஏற்பாடும் முடிந்தது. அதுவரை எண்ணைத் திருத்தாதவர்களுக்கு அன்றைய தினம் பெயர்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன.

ஆகவே, முன்பின் தெரியாத எண் எதையும் துபாஷியின் இடத்தில் எழுத அனுமதிக்காதீர்கள். பெட்டியோடு வந்த ரகசியச் சொல்லை உடனே மாற்றிவிடுங்கள். 2016 அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் 'டைன்' என்ற பெரிய டி.என்.எஸ். ஸ்தாபனத்தின் மீது தாக்குதல் நடந்து, பல பிரபல இடங்கள் மணிக்கணக்கில் திறக்காமற் போயின. தாக்கியவை எவை தெரியுமா? ரகசியச் சொல்லை மாற்றாமல் விட்ட காமிராக்களும் ரூட்டர்களுந்தான். பாங்கின் பக்கத்தில், 'இந்த இடம் பத்திரமானதல்ல' என்ற எச்சரிக்கை வந்தால் மேலே போகாதீர்கள். பணம் கட்டும் நடுவில் வட்டம் சுற்றினால் இரண்டாந்தடவை பொத்தானை அமுக்காதீர்கள். பணம் போயிற்றா என்று முதலில் கணக்கைப் பாருங்கள்.

இன்னொரு சங்கதி. நீங்கள் எந்தெந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்பது துபாஷிக்குத் தெரியும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் தொடங்கி 1761-ல் இறக்கும் வரையில் நாட்குறிப்பு எழுதி வந்தார். கவர்னர் மாளிகையின் அந்தரங்கங்கள் உட்பட! நமக்கு அது சரித்திரப் பொக்கிஷம். உங்கள் துபாஷியும் நாட்குறிப்பு எழுதலாம். எனவே பெயர் தெரிந்த, எதை எழுதி வைப்போம் எதை வைக்க மாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்திருக்கிற துபாஷியாகப் பார்த்து நியமியுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோனில் சொன்ன 'பிரைவேட்' முறையில், உங்களுக்கும் துபாஷிக்கும் நடக்கும் பேச்சை வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது.

சில நாள் யாராலும் முடியாது

2021 அக்டோபர் 4-ந் தேதி இரவு நினைவிருக்கிறதா? ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. அன்றைக்கு எத்தனை வீடுகளில் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டார்களோ! உண்மையில் நடந்தது இதுதான்: அந்தக் கம்பெனியின் சொந்தப் பராமரிப்பு வேலையில் ஏற்பட்ட ஒரு பிசகினால், அதன் பெயர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர்களுக்குப் போகும் வழியே உலக வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. பெயரைக் கேட்டால் சொல்ல ஆளில்லை. ஓரிடம் மட்டும் திறக்கவில்லை, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால், தவறு உங்கள் வீட்டில் இல்லை. பெட்டியைத் தொடாமல் காப்பி போட்டுச் சாப்பிடுங்கள்.

மற்ற நாட்களுக்காக ஒரு சின்ன யோசனை. ஒரு தபால் கார்டு அளவு அட்டையில் நாலு விஷயங்களை எழுதுங்கள்: பெட்டியின் எண்; கம்பெனியின் புகார் டெலிபோன்; பழைய துபாஷி எண்கள்; புதிய துபாஷி எண்கள். ரகசியச் சொல்லை அதில் எழுத வேண்டாம். அதைச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில், பால் கணக்குக்குப் பக்கத்தில், ஒட்டி வையுங்கள். அடுத்த முறை பழுது பார்க்க வருகிறவர், "பெட்டியை மாற்ற வேண்டும், அம்மா, மூவாயிரம் ரூபாய் ஆகும்" என்று ஆரம்பித்தால், "அது இருக்கட்டும், டி.என்.எஸ். என்ன எண்ணில் இருக்கிறது, பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அதைப் பார்ப்பார்.